பல்பு மிதந்த நேரம்

காசிவிஸ்வநாதனை யாராவது புகழ்ந்தால் அவனுக்கு ஓடிவிடத் தோன்றியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தோன்றியது. மலாக்காவின் காஜா பெராங் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் போதும், மளிகைக் கடைக்காரர் தராசை அந்தரத்தில் விட்டுவிட்டு, "வாங்க தம்பி, மாப்பிள்ள உசுரக் காப்பாத்துன சிங்கம்லா நீங்க!" என்று கூவுவார். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். சிங்கமாம், சிங்கம்! அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கி மறைந்துவிடலாமா என்றிருந்தது அந்தச் சிங்கத்துக்கு.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். காசியும் அவன் தங்கை புருஷன் தெய்வநாயகமும் கடலுக்கடியில் போட்டோ பிடிக்கப் போனார்கள். மாப்பிள்ளை பழைய வலை ஒன்றில் சிக்கிக்கொண்டான். காசி வலையை அறுத்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். தங்கச்சியின் தாலி தப்பியது. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் ஊருக்குத் தெரியாது. அந்தச் சின்ன இடத்தில்தான் காசி தினமும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காசியின் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்து மலாக்கா டவுனிலேயே ஊன்றிவிட்ட குடும்பம். அப்பா வைத்துவிட்டுப் போன போட்டோ ஸ்டூடியோவைக் காசி நடத்தினான். கல்யாணப் படம், குடும்பப் படம், மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த பிறகு குடியுரிமைக்காக எடுக்கிற தலைப்படம் என்று வேலைக்குக் குறைவில்லை. இருட்டறை வேலையெல்லாம் தங்கை சிகப்பியுடையது. பிலிம் கழுவுவதிலும், கல்யாணப் பெண் முகத்துப் பருவைப் படத்தில் மறைப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த ஸ்டூடியோவுக்குத்தான் ஒருநாள் தெய்வநாயகம் வந்து நின்றான், நகக்கண் அளவு நண்டைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு.

அவன் காஜா பெராங்கிலேயே சிட்டிக் கம்பத்துப் பையன். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த தமிழர்கள் இந்த மண்ணின் பெண்களைக் கட்டிக்கொண்டு உண்டான கூட்டம்தான் சிட்டிகள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தெய்வநாயகம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முங்கப் பழகினான். ஊருக்குத் திரும்பும்போது இரண்டு பேருக்கு வேண்டிய சாமான்களை விலைக்கு வாங்கி வந்துவிட்டான். துறைமுக ஆபீசில் வேலை, ஓய்வு நாளில் கடல்.

நண்டைக் கேட்டு வந்தவன் கொஞ்ச நாளில் சிகப்பியைக் கேட்டான். அம்மா வடிவாம்பாள், "அவனுக்கு நம்ம பேச்சே வராதேடா" என்று முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கும்புடுற சாமி ஒண்ணு, குடியிருக்கிற ரோடும் ஒண்ணு, போதும்" என்று தலையாட்டிவிட்டாள். காசிக்கும் அப்போது ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆட்சேபமெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் கிளம்பியது.

பெண் கொடுத்த வீடென்றால் லேசா? மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நல்ல நாற்காலி அவனுக்கு, முதல் இலை அவனுக்கு, மீன் தலை அவனுக்கு. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து, "டேய் காசி, மாப்பிள்ள வந்தாச்சு, ஓடு" என்பாள். காசி அவனைவிட மூத்தவன். மூத்தவனாயிருந்தும், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று குழைவான். மாப்பிள்ளையோ ஒரு காலை மடக்கி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "மச்சான், நீ சாப்பிட்டுட்டியா?" என்பான். அவனுக்குத் தெரிந்த கையளவு தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. கோயில் குருக்களையே நீ, வா, போ என்பவன். திமிரில்லை, தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல்தான் சொல்கிறான் என்பது காசிக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தால் என்ன செய்வது?

கடலுக்கடியிலாவது இந்த மரியாதைத் தொல்லை இருக்காது என்றுதான் காசியும் முங்கக் கற்றுக்கொண்டானோ என்னவோ. கற்றுக்கொடுத்ததும் மாப்பிள்ளைதான். பொறுமையாக, சிரித்துக்கொண்டே, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் கற்றுக்கொடுத்தான். அதிலும் காசிக்கு எரிச்சல்.

மலாக்காக் கடலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர் பால் கலக்காத கோப்பி ஓ மாதிரி இருக்கும். புலாவ் உண்டான் தீவுப் பக்கம் போனால் கொஞ்சம் தேவலை, ஓர் ஆள் நீளத்துக்குக் கண் தெரியும். அந்தக் கலங்கலில் பெரிய மீனைத் தேடி என்ன பயன்? இவர்கள் இரண்டு பேரும் சேற்றில் மூக்கை உரசிக்கொண்டு, உளுந்தளவு இறாலையும் மிளகளவு நத்தையையும் தேடினார்கள். தேடியது இரண்டு பேர், கண்டுபிடித்தது எப்போதும் ஒருவன். இங்கே வெறும் சேறுதான் என்று காசி தாண்டிப் போன இடத்தில் தெய்வநாயகம் நின்று விரலைக் காட்டுவான். உற்றுப் பார்த்தால் சேற்றுக்கு இரண்டு கண் முளைத்திருக்கும்.

படம் பிடிப்பது காசியின் பங்கு. சீனத் தகரக் கடைக்காரரிடம் சொல்லிச் செய்த பித்தளைப் பெட்டிக்குள் அவனுடைய இரட்டைக் கண் காமிரா இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணமும் அதில் வெளிச்சத்துக்கு ஒரு பல்பும். ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். பளிச்சென்று எரிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், அது தானாக மேலே மிதந்து போய்விடும். இடுப்புப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, ஊறிச் சுருங்கிய விரல்களால் தடவித் தடவித் திருக வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. மேலே சம்பானில் காத்திருக்கும் படகுக்காரர் மருதமுத்து, மிதந்து வரும் பல்புகளைக் கரண்டி வலையால் அள்ளி எடுத்து வைத்துக்கொள்வார்.

தண்ணீருக்குள் கூப்பிட வாயா இருக்கிறது? கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டுவதுதான் பேச்சு. இரண்டு தட்டு தட்டினால், வந்து பார் என்று அர்த்தம். நிறுத்தாமல் தட்டினால், ஆபத்து, ஓடி வா. இதைச் சிகப்பி கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். புருஷனும் அண்ணனும் ஒரே கடலில் இறங்கினால் அவளுக்கு மட்டும் கவலை இருக்காதா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கண்டுபிடிப்பவன் தெய்வநாயகம், ஆகவே தட்டுபவனும் அவன்தான். தட்டினால் போக வேண்டியவன் காசி. வீட்டு வாசலில் சைக்கிள் மணி, கடலடியில் சிலிண்டர் மணி. தரையிலும் ஓடு, தண்ணீரிலும் ஓடு!

பத்திரிகையில் அவர்களுடைய நண்டுப் படம் ஒன்று வந்தது. "தெய்வநாயகம் கண்டெடுத்த நண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, படம் பிடித்தவன் பெயரை எறும்பு எழுத்தில் கீழே தள்ளியிருந்தார்கள். "ஒங்க மாப்பிள்ள கண்ணு கண்ணுதான்லா!" என்று கடை கடையாகச் சொன்னார்கள். காசி பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தான். உள்ளே என்ன எரிந்தது என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காலையில் கடல் அபூர்வமாகத் தெளிந்திருந்தது. சிகப்பியின் குழந்தை மீனாச்சிக்குக் காது குத்தத் தேதி பார்த்திருந்த சமயம். தெய்வநாயகம் சம்பானில் உட்கார்ந்து, "மச்சான், உன் மடியில ஒக்காந்து அவ உச்சா போவா பாரு" என்று சொல்லி மருதமுத்துவைச் சிரிக்க வைத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினான். இருவரும் இறங்கினார்கள்.

சேற்றில் ஒரு கடல்தாமரை விரிந்திருந்தது. காசி ஏதோ நினைவாக அதன் பக்கம் குனிந்தான். அதன் இழைகளுக்கு நடுவில் கண்ணாடியில் செய்ததுபோல் ஓர் இறால் நின்றது. உடம்புக்குள்ளே ஓடுகிற குடல்கூடத் தெரிந்தது. வயிற்றுக்கடியில் பச்சை முட்டைகள், ஒவ்வொன்றும் கசகசா அளவு. யாரும் தட்டவில்லை, யாரும் விரல் காட்டவில்லை. காசியே கண்டுபிடித்தான்! இத்தனை நாளில் அவன் சொந்தக் கண்ணில் பட்ட முதல் உயிர். என் இறால், என் இறால் என்று மனசு குதித்தது. மூச்சைக்கூட அடக்கி விட்டான், குமிழி பட்டு அது ஓடிவிடக் கூடாதே என்று.

அப்போது பார்த்து, டங் டங்.

வந்து பார் என்கிறான். இருக்கட்டும் என்று காசி ஒரு படம் எடுத்தான். எரிந்த பல்பைக் கழற்றி விட்டான். இன்னொன்றைத் திருகினான்.

மறுபடி சத்தம். இந்தத் தடவை டங் டங் இல்லை. டங்டங்டங்டங் என்று நிற்காமல் வந்தது.

இதுதான் அந்தச் சின்ன இடம். காசிக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சாமி முன்னால் சூடம் அணைத்துச் சொன்னாலும் அது பொய். அது இரண்டு தட்டு இல்லை என்பதும் காதில் விழுந்தது. எதையோ பெரிசாகக் கண்டுவிட்டான், அதனால்தான் இப்படிக் குதிக்கிறான், குதிக்கட்டும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானத்தைச் செய்து வாயில் திணித்துக்கொண்டான். 'இருங்க மாப்பிள்ளை, இந்த ஒரு தடவை நீங்க இருங்க' என்று மனசுக்குள் சொன்னான். பாருங்கள் கூத்தை, அப்போதுகூட 'நீங்க'தான் வந்தது. இரண்டாவது படம் எடுத்தான். கழற்றினான், திருகினான். சத்தம் விடவில்லை. மூன்றாவது படம் எடுக்கும்போது பக்கவாட்டிலிருந்து சேறு புகைபோல நகர்ந்து வந்து இறாலை மூடியது. சே, கெடுத்துட்டானே என்று நினைத்தான். நினைத்ததைக்கூட அவனால் பிறகு மறக்க முடியவில்லை. அந்தப் பல்பையும் கழற்றி விட்டுவிட்டு அடுத்ததற்குப் பையில் கையை விட்டான்.

சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான் அவன் திரும்பினான். சேறு வந்த திக்கில் பாய்ந்தான். கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கிற கேலோங் ஒன்று எப்போதோ இடிந்து விழுந்து, அதன் வலை அங்கே கிடந்தது. தெய்வநாயகத்தின் சிலிண்டர் மூடி முதுகுப் பக்கம் அதில் மாட்டியிருந்தது. கைக்கு எட்டாத இடம். உதறி உதறித்தான் அத்தனை சேறும் கிளம்பியிருக்கிறது. கத்தி கீழே விழுந்து கிடந்தது. வாயில் காற்றுக்குழாய் இல்லை. கண் திறந்திருந்தது. காசியைப் பார்த்ததா என்று தெரியவில்லை.

அறுத்தான், இழுத்தான், மேலே கொண்டுவந்தான். மருதமுத்து வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்தார். சம்பான் கரைக்கு வரும்வரை காசி, "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று அழுதுகொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். இடது காதை மட்டும் மீட்க முடியவில்லை. அழுத்தத்தில் உள்சவ்வு கிழிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கண் விழித்த தெய்வநாயகம் காசியின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நீ இல்லன்னா நான் மாத்தி லா. செத்துட்டேன்."

"இல்ல மாப்பிள்ளை..."

"நான் தட்டுனேன், தட்டுனேன். தண்ணி கெரூ, ஒரே சேறு, ஒண்ணும் தெரியாது. நீ எங்க எங்கன்னு தேடிக்கிட்டு இருப்ப, நான் தெரியும். பாவம் நீ."

பாவமாம்! காசி வாயைத் திறந்தான். சொல்லிவிடத்தான் திறந்தான். அந்த நேரம் பார்த்துச் சிகப்பி கஞ்சியோடு உள்ளே வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கஞ்சியை வைத்துவிட்டு, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அண்ணன் காலில் விழுந்தாள். "எம்புள்ளைக்கு அப்பன திருப்பிக் குடுத்துட்டீங்கண்ணே. இவரு எழுந்து நடந்ததும் காதுகுத்து. ஒங்க மடியிலதான் அவ ஒக்காருவா. இந்த மாதிரி தாய்மாமன் எந்தப் புள்ளைக்குக் கெடைப்பான்?" என்றாள். திறந்த வாயைக் காசி மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்க்காத நாளில்லை. மாப்பிள்ளை ஒருவேளை மன்னித்துவிடுவான். அவன் சுபாவம் அப்படி. சிகப்பி? தகப்பன் போன பிறகு அவனே கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் அழைத்துப் போய் வளர்த்த தங்கச்சி. அவள் பிள்ளையை அவன் மடியில் உட்கார வைப்பாளா? தாய்மாமன் மடி இருந்தும் வேண்டாமென்று வேறொருவன் மடியில் பிள்ளையை வைத்தால் ஊர் காறித் துப்பும் என்பது ஒருபக்கம். அதுகூடப் பெரிதில்லை. அவள் பார்க்கப்போகும் பார்வை ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் பயந்தான். காசி கோழை. அது அவனுக்கே தெரிந்துபோனது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

இதற்கிடையே சிகப்பி இன்னொன்று செய்து வைத்தாள். அண்ணன் தொடவே பயந்து காமிராவுக்குள் விட்டுவைத்த பிலிமை எடுத்துக் கழுவிவிட்டாள். இறால் படத்தைப் பெரிசாகப் போட்டு, சட்டம் அடித்து, ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டியும் விட்டாள். முட்டை முட்டையாக எண்ணலாம், அப்படி வந்திருந்தது. காசி வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். அதைச் சொல்லவும் நாக்கூசுகிறது.

"மூணு எடுத்திருக்கீங்கண்ணே. மூணும் அழகு. கடைசில மட்டும் ஓரத்துல சேறு வந்திருச்சு" என்றாள்.

"அதக் கழட்டிரு சிகப்பி."

"நல்லாருக்கே, எதுக்குக் கழட்ட? மெர்டேக்கா வருசநாள் கண்காட்சிக்குக் கேக்குறாங்க. ஒங்களுக்கு எப்பவும் கூச்சம்."

கூச்சமாம். காசி தன் கடைக்கே பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தான்.

காதுகுத்து நாள் வந்தது. காஜா பெராங் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். சிட்டிக் கம்பத்துப் பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக ஒரு பக்கம், காசி வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவையில் மறுபக்கம், நடுவில் மலாயும் தமிழும் கலந்து ஒரே இரைச்சல். தாய்மாமன் சீர்த்தட்டுகளை அம்மா வரிசையாக அடுக்கினாள். தங்கக் கம்மல், பட்டுப் பாவாடை, பழம், சர்க்கரை. காசி இடுப்பில் புது வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "சிங்கம் ஒக்காந்தாச்சு!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எதிரே தெய்வநாயகம் வலது காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். ஊசியைத் துடைத்துவிட்டு, "புள்ளையக் கொண்டாங்க" என்றார் ஆசாரி.

சிகப்பி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்த நேரத்தில் மருதமுத்து மண்டபத்துக்குள் வந்தார். கையில் ஒரு சரம் தொங்கியது. எரிந்து பால்போல் வெளுத்த பல்புகளைத் தூண்டில் நரம்பில் கோத்திருந்தார், பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே உயரத்தில் கட்டுவதற்கு.

"எல்லாம் ஒங்க அண்ணன் கடலுக்குள்ளேருந்து அனுப்பினதுதான் தங்கச்சி. இந்தக் கடைசி மூணும் அன்னிக்கு வந்தது. அதான் ராசியான பல்புன்னு நுனியில கட்டிருக்கேன்" என்றார்.

"அன்னிக்கா?" என்றாள் சிகப்பி.

"ஆமா தாயி. நான் சம்பான்ல படுத்திருக்கேன், பலகைல காத வெச்சா கீழ தட்டுற சத்தம் நல்லாக் கேக்கும். டங் டங்குன்னுச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு பல்பு மெதந்துச்சு. பெறகு டங்டங்டங்குன்னு நிக்கவே இல்ல. அந்தச் சத்தத்துக்கு நடுவுல ரெண்டாவது பல்பு. இன்னும் சத்தம், மூணாவது பல்பு. அடேயப்பா, இன்னிக்கு மாப்பிள்ள ராஜா நண்டையே காட்டிருக்காரு, நம்ம தம்பி விடாம புடிக்கிறாருன்னு நானே சிரிச்சுக்கிட்டேன். ஆபத்துன்னு தெரியாமப் போச்சே எனக்கு. பல்பு ஒழுங்கா வருதே, எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு இருந்துட்டேன்" என்றார் மருதமுத்து. அவருக்கு இன்னும் அந்தக் குற்ற உணர்ச்சி போகவில்லை, பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம், "ஒங்க மேல என்ன தப்பு?" என்று அவரைத் தேற்றியது. யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. உறைக்க வேண்டிய ஒருத்திக்கு உறைத்தது. நிற்காமல் தட்டினால் என்ன அர்த்தம் என்று மனப்பாடம் செய்தவள் அவள். மூன்று இறால் படங்களையும் தன் கையால் கழுவித் தொங்கவிட்டவளும் அவள். கடைசிப் படத்தின் ஓரத்துச் சேறு எங்கேயிருந்து வந்தது என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது. பல்பு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

காசி இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்த பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தான். கோபம் இல்லை. இல்லையென்று சொல்லிவிடுங்கண்ணே என்று கெஞ்சுகிற பார்வையாக இருந்தது அது. காசியால் அதைச் சொல்ல முடியவில்லை. தலை தானாகக் கவிழ்ந்தது. அதுவே போதுமான பதிலாகிவிட்டது. முகமெல்லாம் தீய்ந்தது. புது வேட்டியும் சந்தனமும் யாரிடமோ திருடிப் போட்டுக்கொண்டவை போல் உடம்பில் கூசின.

"என்னம்மா நிக்கிற? நல்ல நேரம் போகுது, புள்ளையக் குடு" என்றார் ஆசாரி.

சிகப்பி நகரவில்லை. அம்மா வடிவாம்பாள், "என்னடி?" என்று தோளைத் தொட்டாள். தெய்வநாயகம் சிரித்துக்கொண்டே, "மச்சான் மடி ரெடி லா, போ" என்றான். அவனுக்கு அந்த இரைச்சலில் மருதமுத்து சொன்னது ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அவர் நின்றது அவனுடைய இடது பக்கம்.

காசி எழுந்துவிடத்தான் பார்த்தான். எழுந்து, எனக்குத் தகுதியில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டு ஓடிவிடலாம். கால் மடங்கியது மடங்கியபடியே கிடந்தது. அதற்குள் சிகப்பி வந்துவிட்டாள். பாயில் முழங்காலிட்டு, பிள்ளையைப் பூப்போல இறக்கி அவன் மடியில் உட்கார வைத்தாள். அவன் இரண்டு கைகளையும் தானே எடுத்துப் பிள்ளையைச் சுற்றி வைத்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. பட்டுப் பாவாடையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"இவ அழுதா ஒங்களுக்குக் கேக்கும்லண்ணே?"

ஆசாரி பிள்ளையின் காது மடலைப் பிடித்தார். "கெட்டியாப் புடிங்க மாமா!" என்றார். ஊசி இறங்கியது. மீனாச்சி ஒரு கணம் வாயைப் பிளந்து மூச்சை இழுத்தாள், பிறகு மண்டபமே அதிர வீறிட்டாள். கூட்டம் கைதட்டியது. மறு காதிலும் குத்தினார். கம்மல் ஏறியது. "ஆச்சு, ஆச்சு! தாய்கிட்ட குடுங்க, அழுகைய நிறுத்துவா" என்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளை இரண்டு கையையும் அம்மாவை நோக்கி நீட்டிக்கொண்டு கதறியது.

சிகப்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் முழங்காலிட்டிருந்தாள். கையை மட்டும் நீட்டவில்லை. பிள்ளை கதறக் கதற அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த பல்பைக் கழற்றி இன்னொன்றைத் திருகுகிற நேரம் போனது. அம்மா, "ஏண்டி, பிள்ளைய வாங்கேன்!" என்று அதட்டினாள். மறுபடி அவ்வளவு நேரம் போனது. பிள்ளையின் கண்ணீர் காசியின் கைகளில் சூடாக ஓடியது, அவன் கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. தாய்மாமன் பாசத்தைப் பார் என்று யாரோ பின்னால் மெச்சிக்கொண்டார்கள்.

"கேக்குது சிகப்பி, கேக்குது, வாங்கிக்க" என்று காசி கெஞ்சினான்.

அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எழுந்து, புருஷனின் காது கேட்கிற வலது பக்கமாகப் போய் நின்றாள்.